ஆடி அறிதலும் அறிந்து ஆடலும்: சமய ஆடல் ஆய்வில் உடலின் சான்று

முன்னுரை

சமயம் சார்ந்த ஆடல்களை ஆராய்ந்தோர் நெடுங்காலம் நூல், கல்வெட்டு, சிற்பம் ஆகிய மூன்றையே சான்றுகளாகக் கொண்டனர். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவற்றோடு நான்காவதாக ஒரு சான்று சேர்ந்தது. அஃது ஆய்வாளரின் உடல். ஆடற்கலையைத் தாமே முறையாகப் பயின்று, பயின்ற உடலின் வழியே பழைய இலக்கணத்தையும் சிற்பத்தையும் சடங்கையும் விளக்க முற்பட்ட ஆய்வுகள் தோன்றின. இம்முறையை ஆடல்வழி ஆய்வு எனலாம். ஏட்டில் உள்ளதைப் படிப்பதனால் மட்டும் ஆடலை அறிய முடியாது. ஆடியே அறிய வேண்டும் என்பது இதன் அடிப்படைக் கொள்கையாகும்.

இக்கொள்கையில் உண்மை உண்டு. எனினும், அசைவைப் பற்றிய அறிவிலிருந்து ஆன்மிகத்தைப் பற்றிய முடிவுக்கு இவ்வாய்வுகள் சில இடங்களில் மிக எளிதாகத் தாவிவிடுகின்றன. ஆடுபவரின் உடல் ஓர் அசைவு எவ்வாறு இயலும் என்பதைக் காட்ட வல்லது. அவ்வசைவு வழிபாடாகுமா என்பதை அது தனித்து நின்று காட்ட வல்லதன்று. வழிபாடு என்பது உள்ளத்து உணர்ச்சி மட்டுமன்று. பணி, இடம், உரிமை ஆகியவற்றோடு பிணைந்தது. இக்கருத்தைத் தமிழிலக்கியச் சான்றுகளையும், பத்மா சுப்ரமணியம், பாலசரசுவதி, சாஸ்கியா கெர்சன்பூம் ஆகிய மூவரின் பணிகளையும் முன்வைத்து இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

வெறியாட்டும் ஐயமும்

ஆடி அறிதல் என்பது தமிழ்மரபுக்குப் புதியதன்று. சங்க அக இலக்கியத்தில் இடம்பெறும் வெறியாட்டு அறிவு தேடும் ஒரு முறையாகவே அமைகின்றது. தலைவியின் மெலிவுக்குக் காரணம் அறியாத தாய் வேலனை அழைக்கிறாள். அவன் களம் இழைத்து, மறி அறுத்து, முருகேறி ஆடுகிறான். ஆடும் உடலில் தெய்வம் இறங்குகிறது. இறங்கிய தெய்வம் நோயின் காரணத்தைக் கூறுகிறது என்பது நம்பிக்கை. தொல்காப்பியப் புறத்திணையியலும் வேலனை வெறியை அறியும் சிறப்புடையவனாகவே சுட்டுகிறது. ஆகவே, ஆடல் இங்கு அறிவுக்கு வாயிலாகக் கொள்ளப்பட்டுள்ளமை தெளிவு.

ஆயினும், அகப்பாடல்கள் இவ்வாயிலை ஐயமின்றி ஏற்கவில்லை. தலைவியின் நோய்க்குக் காரணம் முருகன் அல்லன், மலைநாட்டுத் தலைவனே என்பதைத் தோழி அறிவாள். நற்றிணை 34ஆம் பாடலில் வெறிக்களத்துக்கு வந்த முருகனையே நோக்கி அவனது அறியாமையைத் தோழி இடித்துரைக்கிறாள். வேலனின் ஆட்டம் பொய்யென்று அவள் கூறவில்லை என்பது ஈண்டுக் கருதத்தக்கது. தெய்வம் வந்திருக்கலாம், ஆனால் வந்த தெய்வம் கூறும் காரணம் பிழையானது என்பதே அவள் கருத்து. ஆட்டத்தின் மெய்ம்மையும் ஆட்டத்தினின்று பெறப்படும் முடிவின் மெய்ம்மையும் வேறு வேறு என்னும் நுட்பம் இதனால் பெறப்படுகின்றது. திருமுருகாற்றுப்படையிலோ வேலனின் ஆட்டம் ஐயத்துக்கு இடமின்றி இறைவன் உறையும் இடங்களுள் ஒன்றாகப் போற்றப்படுகிறது. நம்பிக்கையும் ஐயமும் ஆகிய இரண்டையும் ஒரே மரபு பேணி வந்துள்ளது.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் இதற்கு மற்றொரு கோணத்தைத் தருகிறது. எண்வகை மெய்ப்பாடுகளையும் அவை ஒவ்வொன்றும் பிறக்கும் நந்நான்கு நிலைக்களன்களையும் கூறும் அவ்வியல், கண்ணாலும் செவியாலும் நுண்ணிதின் உணர வல்லார்க்கே மெய்ப்பாடு புலனாகும் என்னும் கருத்தோடு நிறைவுறுகின்றது. மெய்யில் தோன்றுவதனை அறிபவர் காண்பவர்; மெய்யை உடையவர் மட்டும் அல்லர். இக்கால ஆடல்வழி ஆய்வோ அறிவின் இடத்தை ஆடுபவரின் உடலுக்குள் வைக்கிறது. இவ்விட மாற்றம் சிறியதன்று. ஆடுபவர் தம் உடலில் உணர்ந்தேன் என்று கூறுவதைக் காண்பவர் எவ்வாறு சரிபார்ப்பது என்னும் வினா அதனுடன் பிறக்கின்றது.

அரங்கின் அளவும் ஆடும் உடலும்

இவ்வினாவுக்கு விடை தேடுமுன், ஆடல்வழி ஆய்வினால் விளையும் பயனைச் சிலப்பதிகாரத்தைக் கொண்டு காணலாம். அரங்கேற்று காதை ஆடலரங்கின் அளவுகளைத் தருகிறது. அரங்கு ஏழு கோல் அகலமும் எட்டுக் கோல் நீளமும் ஒரு கோல் உயரமும் உடையது. அரங்கின் தளத்துக்கும் மேலமைந்த உத்தரத்துக்கும் இடைப்பட்ட அளவு நான்கு கோல். ஒரு கோல் என்பது இருபத்து நான்கு விரல் அளவு. இதனை ஏறத்தாழ இரண்டடி எனக் கொண்டால் அரங்கு பதினான்கடி அகலமும் பதினாறடி நீளமும் உடையதாகும். தளத்திலிருந்து உத்தரம் வரை எட்டடியே இருக்கும்.

இவ்வளவுகளை உரையாசிரியர் துணையோடு விளக்குவது நூற்புலமை. இவ்வளவுக்குள் ஓர் உடல் எவ்வாறு இயங்கும் என்பதை ஆடுநரே கூற இயலும். தலைக்குமேல் கை உயர்த்தி நிற்கும் ஒருவருக்கு உத்தரம் எவ்வளவு அண்மையில் அமையும்? குழல், யாழ், தண்ணுமை முதலிய இசைக்கருவியாளர்க்கு இடம் விட்டபின் ஆடுவதற்கு எஞ்சும் பரப்பு எவ்வளவு? கடலாடு காதை மாதவி ஆடியனவாகக் கூறும் பதினோராடல்களுள் மரக்கால் ஆடலும் ஒன்று. கொற்றவை மரக்கால் கொண்டு ஆடியதாகக் கூறப்படும் இவ்வாடல், எட்டடி உயரத்தில் உத்தரம் அமைந்த அரங்கில் ஆடத்தக்கதா? ஆடத்தக்கதாயின் மரக்காலின் உயரம் எத்துணைச் சிறியதாக இருந்திருக்க வேண்டும்? ஆடத்தக்கது அன்றாயின் இவ்வாடலுக்குரிய களம் வேறோ? ஏட்டளவில் நிற்கும் வாசிப்பு இத்தகைய வினாக்களை எளிதில் எழுப்புவதில்லை. உடலை அளவுகோலாகக் கொள்ளும் ஆய்வு எழுப்பும். விடையையும் பிறர் அதே அளவில் அரங்கமைத்துச் சரிபார்க்கலாம்.

இங்கு உடல் தரும் சான்று வரம்புடையது, அதனாலேயே வலிமையுடையது. கொற்றவை மரக்கால் ஆடலின் சமயப் பொருளைப் பற்றி அது யாதும் கூறவில்லை. வேட்டுவ வரியில் சாலினி தெய்வமுற்று ஆடும் ஆட்டத்துக்கும், பயிற்சி பெற்ற மாதவி அரங்கில் கொற்றவையின் ஆடலை ஆடிக்காட்டுவதற்கும் உள்ள வேறுபாட்டை உடலசைவின் அளவு கொண்டு காண முடியாது. முன்னது குடியின் கடன். பின்னது ஏழாண்டுப் பயிற்சியின் பயன். இவ்விரண்டையும் இளங்கோவடிகள் வெவ்வேறு களங்களில், வெவ்வேறு மக்களிடையே வைத்துக் காட்டியுள்ளார்.

கல்லிலிருந்து உடலுக்கு

ஆடல்வழி ஆய்வின் பெருஞ்சாதனையாகப் பலரும் சுட்டுவது கரணங்கள் குறித்த பத்மா சுப்ரமணியத்தின் ஆய்வு. நாட்டிய சாத்திரத்தின் நான்காம் இயல் 108 கரணங்களை விளக்குகிறது. சிதம்பரம் கோபுரங்களில் இவை உரிய சுலோகங்களோடு ஆடல்மகளிர் உருவங்களாகச் செதுக்கப்பட்டுள்ளன. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல்தளத்தில் 81 கரணங்கள் உள்ளன. எஞ்சிய 27க்கான கற்கள் செதுக்கப்படாமல் நிற்கின்றன. அங்கு ஆடுபவன் சிவபெருமான்.

கரணம் என்பது அசைவற்ற நிலையன்று. கையும் காலும் இயைந்து இயங்கும் ஓர் அசைவு அலகு என்பதைப் பத்மா சுப்ரமணியம் வலியுறுத்தினார். சிற்பி செதுக்கியது அவ்வசைவின் ஒரு கணத்தை மட்டுமே. ஆகவே, சிற்பத்தின் முன்னும் பின்னும் உள்ள அசைவை நூலின் துணையோடும் ஆடும் உடலின் துணையோடும் மீட்க வேண்டும் என்று கொண்டு, 108 கரணங்களையும் ஆடிக் காட்டினார். சிற்பங்களை வெறும் தோற்ற நிலைகளாகக் காணும் பார்வைக்கு இஃது உறுதியான மறுப்பாக அமைந்தது. ஒரு சிற்பத்தில் காணப்படும் உடற்சாய்வு நிலைத்து நிற்பதற்கு உரியதன்று, கடந்து செல்வதற்கு உரியது என்பதை உடல் பயின்றவரே உறுதியாகக் கூற இயலும். இவ்வகையில் இவ்வாய்வு தமிழகக் கோயிற்கலை ஆராய்ச்சிக்கு ஆற்றிய பணி பெரிது.

எனினும், இதன் முறையியலில் ஒரு சிக்கல் உண்டு. சிற்பம் காட்டுவது அசைவின் தொடக்கமா, நடுவா, முடிவா என்பதை அது தானே கூறுவதில்லை. அந்த இடைவெளியை நிரப்புவது ஆய்வாளரின் உடல். அவ்வுடலோ வெறுமையானதன்று. வழுவூர் இராமையா பிள்ளையிடம் பயின்ற உடல். ஒரு பாணியின் நெளிவும் தாளமும் ஊறிய உடல். மீட்டெடுக்கப்பட்ட அசைவில் பழைய கரணம் எவ்வளவு, இருபதாம் நூற்றாண்டுப் பயிற்சி எவ்வளவு என்பதைப் பிரித்தறிவது எளிதன்று. வேறு பாணியில் பயின்ற ஒருவர் அதே சிற்பத்தையும் அதே சுலோகத்தையும் கொண்டு வேறோர் அசைவை அமைத்தால் இரண்டனுள் எதனைக் கொள்வது? இவ்வினாவுக்கு விடையளிக்கும் அளவைகள் இன்னும் போதிய அளவில் வகுக்கப்படவில்லை.

மகாராட்டிர மாநிலம் சாத்தாராவில் எழுந்த நடராசர் கோயிலுக்கென 108 கரணச் சிற்பங்களையும் அவரே வடிவமைத்தார். கல்லிலிருந்து உடலுக்குச் சென்ற விளக்கம் மீண்டும் கல்லாயிற்று. கலைப்படைப்பு என்னும் வகையில் இதில் குறை காண்பதற்கில்லை. ஆனால், வருங்கால ஆய்வாளர் ஒருவர் இச்சிற்பங்களைப் பழைய சிற்பங்களோடு ஒப்பிட்டு இரண்டும் ஒத்துள்ளன என்று கூறுவாராயின், விளக்கமே சான்றாக மாறிவிடும். ஆடல்வழி ஆய்வு எச்சரிக்கையோடு தவிர்க்க வேண்டிய வட்டம் இது.

தஞ்சைக் கோயில் மற்றொரு பாடத்தையும் தருகின்றது. மேல்தளத்தில் இறைவனின் ஆடல் செதுக்கப்பட்டுள்ள அக்கோயிலின் கல்வெட்டு, இராசராசன் பல தளிகளிலிருந்தும் கொணர்ந்து குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்டுகளைப் பெயர், முந்தைய கோயில், குடியிருந்த வீடு ஆகியவற்றோடு பட்டியலிடுகிறது. அவர்களுக்குப் பங்கு ஒன்றுக்கு ஆண்டுதோறும் நூறு கல நெல் வரையறுக்கப்பட்டது. அவர்கள் எவ்வாறு ஆடினர் என்பதைக் கல்வெட்டு கூறவில்லை. யார், எவ்வுரிமையோடு கோயிலில் இருந்தனர் என்பதைக் கூறுகிறது. சிற்பம் அசைவைத் தருகிறது. கல்வெட்டு உரிமையைத் தருகிறது. ஆடல்வழி ஆய்வு முன்னதையே நாடிப் பின்னதைக் கைவிடின், கோயிலாடலின் பாதியை மட்டுமே அறிந்ததாகும்.

கோயிலாகிய ஆட்டம்

1975ஆம் ஆண்டு தமிழ் இசைச் சங்க மாநாட்டில் த. பாலசரசுவதி ஆற்றிய தலைமையுரை ஆடலின் ஆன்மிகம் குறித்து ஆடுநர் ஒருவரே அளித்த மிகச் சிறந்த விளக்கங்களுள் ஒன்று. பரதநாட்டிய நிகழ்ச்சியின் வைப்புமுறையை அவர் கோயிலின் அமைப்போடு ஒப்பிட்டார். அலாரிப்பு கோபுரம், சதிசுரம் அர்த்த மண்டபம், சப்தம் மண்டபம், வர்ணத்தில் ஆடுபவர் இறைவனின் சந்நிதியை அடைகிறார். பதத்தில் ஆரவாரம் அடங்கி இறைவனின் அண்மை கூடுகிறது. தில்லானா நிறைவில் ஏற்றும் கருப்பூர ஆரத்தியை ஒத்தது.

இவ்விளக்கம் உடலின் அனுபவத்திலிருந்து பிறந்தது என்பதில் ஐயமில்லை. வேகம், அடக்கம், பரப்பு, ஒடுக்கம் என்னும் இயக்க வேறுபாடுகளை ஆடி அறிந்த ஒருவரே இத்தகைய ஒப்புமையைக் கூற முடியும். பதத்தில் அசைவு குறைந்து முகமும் கையும் மட்டும் பேசுகின்ற நிலையைக் கருவறையின் அமைதியோடு இணைத்துக் கண்டமை நுட்பமானது. சிருங்காரத்தைக் குறைத்துப் பக்தியைத் தூய்மைப்படுத்த வேண்டும் என்று வாதிட்டோர்க்குச் சிருங்காரமே பக்தி என்னும் மறுப்பும் அவ்வுரையில் உள்ளது.

ஆனால், இதனை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளலாகாது. அலாரிப்பு முதல் தில்லானா வரையிலான வைப்புமுறை பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தஞ்சை அரசவையைச் சார்ந்து விளங்கிய சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகிய நால்வரால் ஒழுங்குபெற்றது. கோயிற் சடங்குகளுக்குரிய புட்பாஞ்சலி, கவுத்துவம், கும்ப ஆரத்தி முதலியன இவ்வரிசையின் வேறானவை. ஆகவே, அவையில் உருவான ஒரு வைப்புமுறையில் கோயிலைக் கண்டது பாலசரசுவதியின் படைப்பாற்றல் ஆகும். அவர் இவ்வுரையாற்றிய காலத்தில், கோயில்களில் பொட்டுக்கட்டுதலைத் தடைசெய்த 1947ஆம் ஆண்டுச் சட்டம் இயற்றப்பட்டு 28 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆடல்மகளிர்க்குக் கோயிலில் இருந்த இடம் நீங்கியபின், ஆட்டமே கோயிலாக உருவகிக்கப்பட்டது. அவ்வுருவகத்தின் உருக்கம் இவ்விழப்பினையும் கருதும்போதே முழுமையாக விளங்கும். உருவகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பரதநாட்டிய மேடை என்றும் கோயிலாகவே இருந்தது என்று கூறுவோர், அவ்விழப்பினை மறைத்துவிடுகின்றனர்.

பதங்களை நோக்கினால் இச்செய்தி மேலும் தெளிவாகும். பத இலக்கியம் ஏட்டில் மிகச் சிறியது; ஆடலில் மிகப் பெரியது. ஓர் அடியைப் பாடகர் மீண்டும் மீண்டும் பாட, ஆடுபவர் ஒவ்வொரு முறையும் புதிய பொருளை அபிநயத்தால் விரிப்பார். ஏட்டில் சில நொடிகளில் படித்து முடிக்கும் அடி அரங்கில் பல நிமிடங்கள் நிற்கும். பதங்களைச் சொல்வளம் குறைந்தவை எனத் தள்ளும் இலக்கிய வரலாற்றுப் பார்வையைத் திருத்துவதற்கு ஆடல்வழி ஆய்வே தக்க கருவி. ஆனால், பதத்தின் தலைவன் யார்? முத்துத்தாண்டவர் பதங்களில் தில்லை நடராசன். கனம் கிருஷ்ணையர் பதங்கள் சிலவற்றிலோ அவரைப் போற்றிய உடையார்பாளையம் குறுநில மன்னர். இறைவனை அழைக்கும் கையும் மன்னனை அழைக்கும் கையும் அபிநய இலக்கணத்தில் வேறல்ல. உடலசைவு ஒன்றே; முன்னிலை வேறு. ஒன்றைப் பக்தி எனவும் மற்றொன்றைப் புரவலர் புகழ் எனவும் பகுப்பது பாடலின் சூழலும் ஆடிய களமுமே.

நித்தியசுமங்கலியும் முத்தமிழும்

நெதர்லாந்து நாட்டு ஆய்வாளர் சாஸ்கியா கெர்சன்பூம் தமிழையும் பரதநாட்டியத்தையும் ஒருசேரப் பயின்றவர். திருத்தணி முருகன் கோயில் மரபைச் சேர்ந்த மூத்த தேவதாசி ஒருவரிடமிருந்து சடங்குப் பாடல்களையும் ஆடல்களையும் அறிந்து பதிவுசெய்தார். 1987இல் வெளிவந்த அவரது நித்தியசுமங்கலி என்னும் நூல் இத்துறையில் ஒரு திருப்புமுனை. தேவதாசியின் சமயத் தகுதி அவளது உள்ளத்துப் பக்தியின் அளவைப் பொறுத்ததன்று. இறைவனுக்கு மணம் செய்விக்கப்பட்டமையால் கைம்மை எய்தாத மங்கலத் தகுதியைப் பொறுத்தது என்பது அதன் மையக் கருத்து. கும்ப ஆரத்தியால் அவள் இறைவனின் கண்ணேற்றைக் கழித்தாள். அவளே கழிக்க வேண்டும் என்பது முறை. பிறர் எவ்வளவு அழகாக அச்சடங்கைச் செய்தாலும் அது சடங்காகாது.

ஆடல் கற்ற ஓர் ஆய்வாளரே, ஆடல் கற்றதனால் மட்டும் ஒருவர் அச்சடங்கின் உரிமையைப் பெறுவதில்லை என்னும் முடிவுக்கு இடந்தரும் சான்றுகளைத் திரட்டியிருப்பது நேர்மையான ஆய்வுக்கு எடுத்துக்காட்டு. கெர்சன்பூமின் உடல் அசைவைக் கற்றது. தகுதியைக் கற்க இயலாது என்பதை அவரது நூலே உணர்த்துகிறது.

1995இல் வெளிவந்த அவரது இரண்டாம் நூல் தமிழ்ப் பனுவலின் வாழ்வைச் சொல், ஒலி, உருவம் என மூன்று நிலைகளில் காண்கிறது. அச்சிட்ட ஏடு தமிழ்ப் பனுவலின் ஒரு பகுதியே. இயல், இசை, நாடகம் என்னும் மூன்றும் கூடும்போதே பனுவல் உயிர்பெறுகிறது என அவர் வாதிடுகிறார். தமிழ்த்துறைகள் முத்தமிழ் என்பதைச் சிறப்புரைகளில் போற்றி, பாடத்திட்டத்தில் இயலோடு நின்றுவிடும் நிலைக்கு இது தக்க விமர்சனம். ஆயினும், இந்நூல் ஒரு வர்ணத்தின் ஆடலை மையமாகக் கொண்டு அமைகையில், முதல் நூலில் முதன்மை பெற்ற பணியுரிமை பின்னணிக்குச் சென்றுவிடுகிறது. யார் ஆடினாலும் பனுவல் உயிர்பெறும் என்னும் பொருள் தோன்றிவிடுகிறது. முதல் நூல் எழுப்பிய கடினமான வினாவை இரண்டாம் நூல் நெகிழ்த்திவிட்டது என்றே கூறவேண்டும்.

இந்நூலுடன் ஆடலையும் இசையையும் காணத்தக்க குறுவட்டு ஒன்று இணைக்கப்பட்டது. அவ்வகை வட்டுகளை இயக்கும் கருவிகள் வழக்கொழிந்துவிட்டன. அச்சின் போதாமையைச் சுட்டிய நூலில் அச்சுப் பகுதியே இன்று எளிதில் கிடைக்கின்றது. ஆடலைப் பதிவுசெய்தல் ஆடலைக் காத்தல் ஆகாது. கற்பிப்போரும் கற்போரும் தொடரும்போதே அது காக்கப்படும் என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

பேசும் உடல்கள் பல

தேவதாசி மரபின் உடலைச் சான்றாகக் கொள்ளும்போது அவ்வுடல் ஒரே குரலில் பேசவில்லை என்பதையும் மறத்தலாகாது. அம்மரபிலிருந்து வந்து சுயமரியாதை இயக்கத்தில் செயற்பட்ட மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936இல் 'தாசிகள் மோசவலை அல்லது மதி பெற்ற மைனர்' என்னும் புதினத்தை வெளியிட்டார். பொட்டுக்கட்டும் வழக்கத்தில் பெண்ணுடல் சுரண்டப்பட்டமையை உள்ளிருந்து அறிந்த ஒருவரின் எழுத்து அது. பின்னர்க் கலாசேத்திரம் எனப் பெயர்பெற்ற நிறுவனம் அடையாற்றில் ருக்மிணி தேவியால் தொடங்கப்பட்டதும் அதே 1936இல்தான். ஒருபுறம் அம்மரபின் பெண்ணொருவர் அதனைத் துறக்கிறார். மறுபுறம் அம்மரபின் அசைவுகளைப் பிற குடும்பங்களின் பெண்கள் ஆன்மிகக் கலையாகப் பயிலத் தொடங்குகின்றனர். ஆடல்வழி ஆய்வாளரின் உடல் பெரும்பாலும் இவ்விரண்டாம் நிகழ்வின் வழிவந்தது. அவ்வுடலுக்கு ஆட்டத்தின் அழகு தெரியும். பொட்டுக்கட்டியதன் சுமை தெரியாது. ஆகவே அவ்வுடல் உணரும் ஆன்மிகத்தை முன்னோர் உடல் உணர்ந்த ஆன்மிகமாக வைத்தல் பொருந்தாது.

தாவேஷ் சோனெஜியின் 2012ஆம் ஆண்டு நூல் கோயிலை மட்டும் மையப்படுத்தும் வரலாற்றை மறுத்து, அவையிலும் இல்லங்களிலும் நிகழ்ந்த ஆடல்களையும், சட்டத்துக்குப் பின்னும் அப்பெண்களின் நினைவில் எஞ்சிய ஆடல்களையும் முன்வைத்தது. விராலிமலை முருகன் கோயிலில் பணிசெய்த மரபினரான ஆர். முத்துக்கண்ணம்மாளுக்குச் சதிராட்டத்துக்காக 2022இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. சட்டம் இயற்றப்பட்டு முக்கால் நூற்றாண்டு கழிந்தபின் கிடைத்த இவ்வேற்பு, இம்மரபினரைத் தகவலாளர்களாக மட்டும் கருதி வந்த ஆய்வுலகமும் சிந்திக்க வேண்டிய ஒன்று. அவர்கள் தகவல் தந்தவர்கள் மட்டும் அல்லர். ஆடி அறிந்த அறிஞர்கள்.

ஆடல்வழி ஆய்வுக்குரிய வரையறைகள்

மேற்கண்டவற்றால் ஆடல்வழி ஆய்வை மேற்கொள்வோர் மனங்கொள்ள வேண்டிய வரையறைகள் சிலவற்றை வகுக்கலாம்.

முதலாவது, அசைவு பற்றிய முடிவையும் பொருள் பற்றிய முடிவையும் பிரித்தல். இவ்வரங்கில் இவ்வாடல் இயலும் என்பது ஒரு முடிவு. இவ்வாடல் வழிபாடாக இருந்தது என்பது மற்றொரு முடிவு. பின்னதற்குக் கல்வெட்டும் சடங்குமுறையும் வாய்மொழியும் துணையாக வேண்டும்.

இரண்டாவது, ஆய்வாளர் தம் உடலின் பயிற்சி வரலாற்றைக் கூறுதல். ஏட்டுச்சுவடி ஆய்வில் எந்தச் சுவடி, எங்குக் கிடைத்தது, எழுதியவர் யார் என்பன குறிக்கப்படுகின்றன. உடலைச் சுவடியாகக் கொள்ளும் ஆய்வில் எந்த ஆசான், எந்தப் பாணி, எத்தனை ஆண்டுப் பயிற்சி என்பன குறிக்கப்பட வேண்டும்.

மூன்றாவது, பாடவேறுபாடு காட்டுதல். பதிப்பாசிரியர் ஒரு பாடத்தைக் கொண்டு பிற பாடங்களை அடிக்குறிப்பில் தருவது போல, ஒரு சிற்பத்தையோ சுலோகத்தையோ ஆடிக் காட்டுவோர் அதற்கு இயலக்கூடிய பிற ஆட்டங்களையும் காட்ட வேண்டும். உ.வே.சாமிநாதையர் 1892இல் சிலப்பதிகாரத்தைப் பதிப்பித்தபோது கைக்கொண்ட ஒழுங்கினை ஆடலாய்வும் கைக்கொள்ளுதல் நன்று.

நான்காவது, மரபுரிமை உடையோரின் சொல்லைச் சான்றாக ஏற்றல். அவர்கள் ஆட்டத்தைப் பெற்றுக்கொண்டு விளக்கத்தை ஆய்வாளரே அமைத்துக்கொள்வது முறையன்று. மரபைப் போற்றியவர் சொல்லோடு மரபை மறுத்தவர் சொல்லும் இடம்பெற வேண்டும்.

முடிவுரை

ஏட்டுவாசிப்பால் எட்ட முடியாத காலம், இடம், எடை, மூச்சு ஆகியவற்றை ஆடும் உடல் ஆய்வுக்குக் கொண்டுவருகிறது. சிலப்பதிகார அரங்கும் கரணச் சிற்பங்களும் பத இலக்கியமும் அதனால் புதிய விளக்கம் பெறும். இப்பயனைத் தமிழ்த்துறைகள் இனியும் புறக்கணித்தல் கூடாது. அதேவேளை, உடல் உணர்ந்தது என்பதனாலேயே ஒன்று ஆன்மிகமாகிவிடாது. கோயிலாடலில் ஆன்மிகம் என்பது யாருக்கு எங்கு நிற்க உரிமை இருந்தது, யார் எதனைச் செய்யக் கடமைப்பட்டிருந்தார், யாரிடமிருந்து அது நீங்கியது என்னும் வரலாற்றோடு பிணைந்துள்ளது. அவ்வரலாற்றை விடுத்து அசைவை மட்டும் மீட்பது, தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்களைக் கல்வெட்டில் விட்டுவிட்டு மேல்தளத்துக் கரணங்களை மட்டும் ஆடுவதற்கு ஒப்பாகும்.

வேலன் ஆடுகிறான், தோழி வினவுகிறாள். அகமரபு இருவரையும் ஒரே களத்தில் வைத்தது. ஆடுபவரே தம் ஆட்டத்தின் முடிவை வினவத் தொடங்கும்போதுதான் ஆடல்வழி ஆய்வு ஆய்வு என்னும் பெயருக்கு முழுத்தகுதி பெறும்.